முன்வரிசையின் மேற்குக் கோடி

ஞாயிறு இரவு எனக்கு இரண்டு வேலை. வருகிற கிழமைக்குப் பாடக்குறிப்பு எழுதுவது ஒன்று. கெமராவில் நிறைந்து கிடக்கும் படங்களில் உதவாதவற்றை அழிப்பது மற்றது. முதலாவதைத் தள்ளிப்போட இரண்டாவது நல்ல சாட்டு.

ஒரு ஞாயிறு அப்படித்தான் அழித்துக்கொண்டிருந்தேன். கண்மூடிய முகம், கை அசைந்து கலங்கிய படம், குறுக்கே ஓடிய நாய். அடுத்ததாக ஒரு வகுப்பறைப் படம் வந்தது. கரும்பலகையின் நடுவில் பெரிய வெள்ளைத் திட்டு. நான் எழுதியதில் ஒரு சொல்லும் தெரியவில்லை. வெளிச்சம் தெறித்த படம், அழிக்க வேண்டியதுதான். எங்கே குந்தியிருந்து இதை எடுத்தேன் என்ற யோசனையில் விரல் நின்றுவிட்டது.

நான் மண்டூர்ப் பிள்ளை. தாழங்குடாவில் இருக்கும் மட்டக்களப்பு தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி படிக்கிறேன். மூன்று வருடப் படிப்பில் இரண்டு வருடம் விடுதி வாழ்க்கை. மூன்றாம் வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டுறுப் பயிற்சி. எனக்குக் கிடைத்தது படுவான்கரையில், வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய்வரக்கூடிய ஒரு சின்னப் பள்ளிக்கூடம். மாசியில் போனேன். நாலாம் தரம், இருபத்தேழு பிள்ளைகள். அதிபருக்கு நான் பயிலுநர், பிள்ளைகளுக்கு டீச்சர், அம்மாவுக்கு இன்னும் படித்து முடியாத பிள்ளை. விடியப்புறம் கெமராவோடு துறையடியில் நிற்கிற நான் யார் என்பதில்தான் ஊருக்குக் குழப்பம்.

துறையடி என்றால் குருமண்வெளிப் பாதை வந்து முட்டும் இடம். மற்ற ஊர்களில் பாதை ஓரிடத்தில் கிடக்கும், ஆட்கள் அதன்மேல் நடப்பார்கள். எங்கள் ஊரில் பாதை மிதந்து வரும். மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, தயிர்ச்சட்டி, கந்தோருக்குப் போகிற ஆட்கள் எல்லாரையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும். தரையால் போவதென்றால் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றித்தான் போகவேண்டும். அக்கரையிலிருந்து முதற்பாதையில் வரும் ஆசிரியர்களுக்கு என்னைத் தெரியும். “என்ன டீச்சர், இண்டைக்கும் சூரியனுக்கு இடாப்புக் கூப்பிட வந்திட்டீங்களா?” என்று ஒரு சேர் தினமும் கேட்பார். தினமும் சிரிக்கவேண்டியிருக்கிறது.

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். அதற்குக் கிழக்கே, கடலோடு ஒட்டியது எழுவான்கரை. மேற்கே, வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. பொழுது எழுகிற பக்கம், படுகிற பக்கம். பெயர் வைத்தவர் நடுவாவியில் தோணியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்து வைத்திருக்கலாம். எனக்கென்னவோ அக்கரையில் நின்றுதான் வைத்திருப்பார் என்று படுகிறது. எங்கள் கரையில் நின்று பார்த்தால் பொழுது படுவது வயலுக்குள். எழுவதுதான் தண்ணீருக்கு மேலே, தகதகவென்று. வாவியில் சூரியன் எழும் காட்சி முழுவதும் படுவான்கரைக்காரருக்கு. எழுவான்கரைக்காரர் எழுகிற சூரியனைத் தண்ணீரில் பார்க்கக் கடற்கரைக்கு நடக்கவேண்டும்.

நான் எடுப்பது பெரும்பாலும் ஒரே படம். துறையடியில் ஒரு கட்டை இருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டு, அதே உயரத்தில், அதே பழைய கெனானில், வெள்ளாப்பில் ஒரு படம். ஒரு தோணியோ வீச்சுவலைக்காரரோ உள்ளே வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டாலும் எடுப்பேன். மாசியிலிருந்து சேர்ந்தது ஒரு கோப்பு நிறைய இருக்கிறது. வேகமாகத் தட்டிக்கொண்டு போனால் சூரியன் அக்கரைத் தென்னைகளுக்கு மேலால் நாளுக்குக் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்வது தெரியும். இடப்பக்கம் என்றால் வடக்கு. உத்தராயணம் என்று பஞ்சாங்கத்தில் ஒரு சொல்லாகக் கிடப்பதைத் தென்னைமரக் கணக்கில் பார்த்தது எனக்கு ஒரு புதினம். அம்மாவுக்கு இல்லை.

“விபுலானந்த அடிகளும் உன்னப்போல ஆசிரியப் பயிற்சி எடுத்தவர்தான் மகள். அவர் கெமராவத் தூக்கிட்டு ஆத்தங்கரையில திரியல்ல.”

அம்மா சொல்வதில் பிழையில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் துறவியாவதற்குப் பல வருடம் முன்பு, 1911–12இல், கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அவர் கெமரா வைத்திருந்தாரா என்பதில் அம்மாவோடு வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை.

சனி, ஞாயிறுகளில் சாமத்திய வீடு, கலியாண வீடு என்று யாராவது கூப்பிடுவார்கள். அதில் வரும் காசில்தான் ஐம்பது எம்.எம். லென்ஸ் வாங்கினேன். அதிலும் பெரிய வேலை, எடுத்த படத்தைப் பிரதி போட்டுக் கொடுப்பது. துறையடியில் நான் படம் எடுத்த இறால்கார மாமா ஒருவரின் மனைவி, சந்தையில் என்னைக் கண்டதும் கேட்டார்: “அவரப் புடிச்சிட்டுப் போனியாம், எங்க மனே படம்?” புடிச்சிட்டுப் போன என்ற சொல் யுத்தம் கண்ட எங்கள் பக்கத்தில் சும்மா ஒரு சொல் அல்ல. அவர் பகிடியாகத்தான் கேட்டார். நான் அடுத்த நாளே பாதை ஏறிக் களுவாஞ்சிகுடிக்குப் போய்ப் பிரதி போட்டேன். 2007இல் படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டிலிருந்து காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் வந்து சேர்ந்தவை இரண்டே படங்கள். அதனால் தாளில் இல்லாத படத்தை அம்மம்மா இன்றைக்கும் படமென்று ஒத்துக்கொள்வதில்லை.

பிரதியின் பின்பக்கம் பெயர் எழுதும் பழக்கம் எனக்கு ஜூலியா மார்கரெட் கமரனால் வந்தது. சாதாரண தரத்தில் வரலாறு படித்த எல்லாரும் கோல்புரூக்–கமரன் சீர்திருத்தம், 1833 என்று மனனம் செய்திருப்போம். அந்தக் கமரனின் மனைவிதான் இவர். உலகத்தின் ஆரம்பகாலப் பெரிய புகைப்படக்காரர்களில் ஒருவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்தது டெனிசனை, டார்வினை, ஹெர்ஷலை. இங்கே எடுத்தது தோட்டத்தில் வேலைசெய்தவர்களை, கிராமத்து ஆட்களை. அவர்களும் அதே மாதிரி நேராகக் கெமராவைப் பார்க்கிறார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலும் பெயர்தான் இல்லை. கல்லூரி நூலகத்தில் அவற்றைப் பார்த்த அன்றைக்கு, இடாப்பு அடையாளம் இடாத வகுப்பு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன்.

கெமராவைப் பைக்குள் வைத்துவிடும் இடமும் ஊரில் உண்டு. சின்னக் கதிர்காமம் என்று சொல்லப்படும் எங்கள் முருகன் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரமில்லாமல், திரைக்குப் பின்னால் செய்வார். நாங்கள் கும்பிடுவது திரையைப் பார்த்துத்தான். ஆவணித் திருவிழாவுக்கு வரும் வெளியூர் நண்பிகள், “உள்ளுக்கு என்ன இருக்கு?” என்று என்னைக் கேட்பார்கள். அந்த ஊர்ப் பிள்ளையான எனக்கும் திரைதான் தெரியும்.

சரி, அழிக்காமல் விட்ட படத்துக்கு வருகிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன். பெயர் இங்கே வேண்டாம். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும்போது எழுத்துகளை விழுங்குவான். ‘வாய்க்கால்’ அவன் கொப்பியில் ‘வாகால்’. ‘எருமைத் தயிர்’ ‘எமை தயி’. கேட்டால் தலையைக் குனிவான். அவன் இருப்பது முன்வரிசையில். முன்வரிசைப் பிள்ளைக்குப் பலகை தெரியாது என்று யார் நினைப்பார்? என் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தேன். செயல்நிலை ஆய்வு ஒன்று செய்து கொடுக்கவேண்டும். அவனையே வைத்துச் செய்யலாமா என்றும் ஒரு எண்ணம் இருந்தது. தலைப்புக்கூட வைத்திருந்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தப் படத்தை அவன் மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்துதான் எடுத்தேன் என்று ஞாபகம் வந்தது. அந்த ஞாயிறு இரவு எழுந்துபோய், பெட்டியில் இருந்த அவனுடைய கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். மாசியில் சுத்தமான எழுத்து. பங்குனியிலும் பரவாயில்லை. சித்திரை விடுமுறை கழிந்து வைகாசி வந்தபின்தான் எழுத்துகள் காணாமற் போகின்றன. அதுவும் முதலாம் பாடவேளைத் தமிழில் மட்டும். பத்து மணிக்குப் பிறகு செய்த சுற்றாடல் பாடத்தில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் வகுப்பு தெற்குப் பார்த்த வகுப்பு. பலகை தெற்குச் சுவரில். கிழக்கே அரைச்சுவர், அதற்கு மேல் திறந்த வெளி. மாசியில் சூரியன் கிழக்குக்குத் தெற்கே எழுகிறது. அதன் வெயில் பலகையின் முகத்தில் படவே படாது. வைகாசி, ஆனியில் வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஏழரை மணி வெயில் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழால் நுழைந்து, சாய்வாகப் பலகையில் பட்டு, மேற்குப் பக்கம் தெறிக்கிறது. யாரோ நல்ல மனதோடு பலகைக்குப் பளபளக்கிற எனாமல் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். தெறித்த வெளிச்சம் நேரே போய் விழுகிற இடம் முன்வரிசையின் மேற்குக் கோடி. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சூரியன் எங்கே போகிறது என்பதற்குக் கோப்பு நிறையப் படம் வைத்திருந்தேன். கண்ணாடி மினுங்கினால் எந்தப் பக்கம் ஒதுங்கி எடுக்கவேண்டும் என்று கலியாண வீட்டில் மணவறைக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்தவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். போலரைசர் என்று ஒரு கண்ணாடி இருக்கிறது, லென்ஸுக்கு முன்னால் போட்டுத் திருப்பினால் பெயின்ட் மினுக்கம் குறையும் என்றும் தெரியும். ஐந்து மாதமாக அந்தக் கதிரையில் மட்டும் ஒருமுறையும் இருந்து பார்க்கவில்லை.

திங்கள் காலை முதல் வேலையாக இருந்து பார்த்தேன். முழங்கால் மேசையில் இடித்தது. பலகை முழுக்க வெள்ளி.

“ஏன் மகன் சொல்லல்ல?”

“எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டு நினச்சன் டீச்சர்.”

மேசைகளைக் கிழக்குப் பக்கம் ஒதுக்கிச் சரித்துப் போட்டோம். பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம். ஒரு பிள்ளையின் அப்பா நெல் காயப்போடும் படங்கு ஒன்றைக் கொண்டுவந்து அரைச்சுவருக்கு மேலே கட்டினார். மினுக்கம் போனது, காற்றும் போனது. இரண்டாம் நாள் அவிழ்த்துவிட்டோம். இப்போது பலகையின் மேற்குப் பாதியில் மட்டும் எழுதுகிறேன், சின்ன எழுத்தில். எனாமலைச் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்க அதிபர் சம்மதித்திருக்கிறார். பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்பதை வெட்டிவிட்டேன். வெட்டினால் பக்கத்தில் ஒப்பமும் காரணமும் வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘வெயில்’ என்று எழுதியிருக்கிறேன். மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர் என்ன கேட்பாரோ தெரியாது.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் அவனிடம் கெமராவைக் கொடுத்து, உன் பழைய இடத்திலிருந்து ஒன்று எடு என்றேன். வாரைக் கழுத்தில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். பலகையின் ஒரு மூலை, என் சேலைத் தலைப்பு, சுவரில் ஒரு பல்லி. சனிக்கிழமை களுவாஞ்சிகுடியில் பிரதி போட்டு, பின்பக்கம் திகதியும் இடமும் எழுதி, எடுத்தவர் என்று அவன் முழுப்பெயரையும் எழுதித் திங்கட்கிழமை கொடுத்தேன்.

படத்தை அவன் அதிகம் பார்க்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைக் கிட்டவாகப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

“எண்ட பேர்ல ஒரு எழுத்த விட்டுட்டீங்க டீச்சர்.”