சிறு கடைக்காரரும் கைபேசித் தட்சணையும்

நமது நாட்டில் இன்றைய தினம் வெற்றிலை பாக்குக் கடை முதல் நகைக் கடை வரையில், கட்டம் கட்டமாய் அச்சடித்த ஒரு சதுர அட்டை தொங்காத கடையைக் காண்பது அருமையாகிவிட்டது. 2016-ம் வருஷத்தில் ஏற்பட்ட யுபிஐ என்னும் பணம் அனுப்பும் முறையானது, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1000 கோடி தடவைக்கு மேல் கையாளப்பட்டதாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். இதைக் கண்டு நாடு முன்னேறிவிட்டதென்று மந்திரிகள் மேடையில் பேசுகிறார்கள்; பத்திரிகைகளும் எழுதுகின்றன. சந்தோஷம்தான். ஆனால் அந்த அட்டைக்குப் பின்னால் காலை முதல் இரவு வரை நின்று வியாபாரம் செய்யும் மனிதனுக்கு, அந்தப் பணம் எந்த வழியாய் வருகிறது, யார் கணக்கில் போய் விழுகிறது, எதற்குப் பின் நம்பர் போட வேண்டும், எதற்குப் போடக் கூடாது என்கிற சங்கதிகளை யாராவது உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும்.

கம்பெனியின் ஆள் ஒருவன் வந்தான், கடைக்காரருடைய போனைத் தன் கையில் வாங்கினான், நாலு இடத்தில் தட்டினான், அட்டையை ஒட்டினான், பணம் வந்ததைக் கத்திச் சொல்லும் ஒரு பெட்டியையும் வைத்தான், போய்விட்டான். அதோடு கல்வி முடிந்தது. அந்தப் பெட்டிக்கு மாதா மாதம் வாடகை பிடிக்கிறார்கள் என்பதே அநேகருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிகிறது. வங்கிக் கணக்கிலிருந்து நேரே வருகிற யுபிஐ பணத்திற்குக் கடைக்காரரிடம் தரகு பிடிக்கக் கூடாதென்று 2020 ஜனவரி முதல் விதி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாத ஒரு பொருளைக் கண்டால் நம்மவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அதைக் கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஆயுத பூஜையன்று தராசுக்கும் படிக்கல்லுக்கும் பொட்டு வைத்தது போக, இப்பொழுது பில் போடும் இயந்திரத்திற்கும் கத்தும் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் அப்பிப் பொரி கடலை படைக்கிறார்கள். பெட்டி பொரி கடலையைத் தின்றதாகத் தெரியவில்லை. ஆனால் எவனோ ஒரு போக்கிரி ராத்திரியில் வந்து கடை அட்டையின் மேல் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போனால், மறுநாள் விற்ற சாமானுக்கெல்லாம் பணம் அவன் கணக்கிற்குப் போவதை அந்தக் குங்குமம் தடுக்கிறதா? தினமும் கடை திறந்தவுடன் தானே ஒரு ரூபாயை அனுப்பி, பெயர் சரியாய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஒரு நிமிஷ வேலை. சாம்பிராணி காட்டும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

இந்த அறியாமையினால் பிழைப்பவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். சிறு தொழில்காரர்கள் தங்கள் தொழிலைப் பதிவு செய்துகொள்ளும் உத்யம் என்கிற பதிவு முறை 2020 ஜூலை 1-ந் தேதி முதல் நடந்து வருகிறது. அதற்குக் கட்டணம் ஒரு காசும் கிடையாது. ஆதார் நம்பரும் பான் நம்பரும் வைத்துக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் தாமே செய்துகொள்ளலாம். ஆனால் நடப்பது என்ன? சர்க்கார் முத்திரை போலவே படம் போட்ட தனியார் பக்கங்கள் வலைத்தளத்தில் திறந்து கிடக்கின்றன. அவற்றில் போய்ப் பணம் கட்டுகிறார்கள். அல்லது தெருமுனைத் தரகரிடம் போய், அவர் கேட்டதைக் கொடுக்கிறார்கள். அவரும் ஏதோ பெரிய காரியம் செய்து கொடுத்தவர்போல் காகிதத்தை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுக்கிறார். தெரியாத பாஷையில் மந்திரம் சொல்லித் தட்சணை வாங்கியவனுக்கும் இவருக்கும் வித்தியாசம் என்ன என்று நாம் கேட்கிறோம். மந்திரத்திற்கு அர்த்தம் கேட்டால் அவனுக்கு வந்த கோபந்தான், படிவத்தில் என்ன எழுதினீர் என்று கேட்டால் இவருக்கும் வருகிறது.

இது ஐந்நூறு ரூபாய்த் தட்சணையோடு போனாலும் பாதகமில்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2025 ஜூலை மாதத்தில் அங்குள்ள வணிக வரி இலாகா, யுபிஐ மூலம் வந்த பணத்தின் கணக்கைப் பிடித்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பிற்று. பேக்கரிக்காரர், டீக்கடைக்காரர், பால் விற்பவர் என்று யாரும் தப்பவில்லை. ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்ச ரூபாய் கட்டும்படி நோட்டீஸ் வந்தது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையவே கிடையாது! நாலு வருஷமாய்க் கணக்கில் வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்தார்களே தவிர, விற்ற சரக்கு என்ன என்று பார்க்கவில்லை. பெங்களூரில் கடைக்காரர்கள் அட்டைகளைக் கிழித்துவிட்டு, "ரொக்கம் மட்டும்" என்று எழுதித் தொங்கவிட்டார்கள். கூச்சல் அதிகமான பிறகுதான் சர்க்கார் இறங்கி வந்து, பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை என்று சொல்லிற்று. நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் ஜிஎஸ்டி என்றால் என்னவென்று வியாபாரிகளுக்கு விளக்கும் கூட்டங்களும் நடந்தன.

பரீட்சை வைத்து, தோல்வி என்று சொல்லி, அபராதமும் கேட்டுவிட்டுப் பிறகு பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? 2017 ஜூலை 1-ந் தேதி அந்த வரி வந்தது. சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு வருஷ வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு வேண்டும். கூலிக்குச் சேவை செய்கிறவர்களுக்கு 20 லட்சம். வரியில்லாத சரக்குகளின் பட்டியல் தனி. இந்த மூன்று சங்கதிகளை ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். எட்டு வருஷமாய்ச் சொல்லாமலிருந்தவர்கள் குற்றவாளிகளா, கேளாமலிருந்தவர்கள் குற்றவாளிகளா? அந்தக் காய்கறிக்காரர் கொள்முதல் சிட்டையைத் தேதிவாரியாய்ப் போனிலேயே படம் பிடித்து வைத்துக்கொள்ளப் பழகியிருந்தால், நோட்டீஸ் வந்த அன்றே பதில் எழுதியிருக்கலாம். தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லையே என்று யாரும் நிம்மதியடைய வேண்டியதில்லை. இங்கும் அதே அட்டைதான், அதே வரிதான்.

நிற்க, இலவசப் பயிற்சியே இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஜில்லாவுக்கொன்றாக வங்கிகள் நடத்தும் கிராமச் சுயவேலைப் பயிற்சி நிலையங்களில் சாப்பாடும் தங்குமிடமும்கூட இலவசம். நல்ல ஏற்பாடு, நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அது புதிதாய்த் தொழில் தொடங்கும் வாலிபருக்கு ஏற்பட்டது. ஐம்பது வயதான மளிகைக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் பத்து நாள், முப்பது நாள் போய்த் தங்க முடியுமா? கிராமத்து வீட்டுக்கு ஒருவர் வீதம் 6 கோடிப் பேருக்குக் கம்ப்யூட்டர் அறிவு தருவதென்று மத்திய சர்க்கார் 2017-ல் ஒரு திட்டம் ஆரம்பித்து, 2024 மார்ச்சில் முடித்துக்கொண்டது. இருபது மணி நேரப் பாடம். கம்ப்யூட்டரைத் திறப்பது, கடிதம் அனுப்புவது, பணம் அனுப்புவது எல்லாம் அதில் இருந்தன. கடைக்காரருடைய கல்லாவைப் பற்றிய கவலை அதில் எவ்வளவு இருந்ததென்பதுதான் கேள்வி. கம்பெனிக்காரர்களும் பயிற்சி நடத்துவதுண்டு. அவர்கள் தங்கள் கம்பெனிச் சரக்கை எப்படி உபயோகிப்பதென்று சொல்லுவார்களேயொழிய, வேண்டாமென்றால் எப்படி விலகுவதென்று எக்காலத்திலாவது சொல்லுவார்களா?

"பெரியவர்களுக்கு இதெல்லாம் ஏறாது, பையனைக் கேட்டுக்கொள்ளட்டும்" என்பது மற்றொரு நியாயம். இது "உனக்கு ஏன் படிப்பு, நாங்கள் படித்துச் சொல்லுகிறோம்" என்று நம் பாட்டன்மார்களிடம் சொன்ன அதே நியாயந்தான். வாயால் கணக்குப் போட்டு, நூறு பேருடைய கடன் பாக்கியை மனதில் வைத்திருக்கிற ஒருவருக்கு, பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதேயில்லை, கொடுப்பதற்கு மாத்திரம்தான் வேண்டும் என்கிற ஒரு வரி ஏறாதா? அந்த ஒரு வரி தெரியாததால்தான், "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், நம்பரைப் போடுங்கள்" என்று சொன்னவனை நம்பிப் பலர் தங்கள் கணக்கையே காலி செய்துகொண்டார்கள். பையனும் எல்லாம் தெரிந்தவனல்ல. சினிமா பார்க்கத் தெரியும். பணம் போய்விட்டால் 1930 என்ற நம்பருக்கு உடனே பேச வேண்டுமென்பது அவனுக்கும் தெரியாது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எங்கேயோ ஒரு திருடன் ஏமாற்றிச் சேர்த்த பணத்தில் இருநூறு ரூபாய்க்கு உங்கள் கடையில் சாமான் வாங்கினால், போலீசார் அந்தப் பணத்தைத் தொடர்ந்து வந்து உங்கள் கணக்கையும் நிறுத்தச் சொல்லுகிறார்கள். சில வங்கிகள் முழுக் கணக்கையும் பூட்டிவிடுகின்றன. 2023-ல் கேரள உயர்நீதிமன்றம், போலீசார் குறிப்பிட்ட தொகையை மாத்திரம் நிறுத்தினால் போதுமென்று சொல்லியிருக்கிறது. இதை அறிந்தவர் வங்கியில் போய் நியாயம் கேட்பார். அறியாதவர் மானேஜர் அறைக்கு வெளியே கைகட்டி நிற்பார். கடைக்கணக்கு வேறு, வீட்டுக்கணக்கு வேறு என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்திருந்தால், அடுப்பாவது அணையாமலிருக்கும்.

பெண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். இட்லிக் கடை, பூக்கடை, மீன் கூடை, தையல் இயந்திரம் என்று நமது தெருக்களில் உழைக்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் அநேகருடைய கடையில் தொங்கும் அட்டை புருஷன் பெயரில் இருக்கிறது. புருஷன் போன் நம்பரில் இருக்கிறது. விடியற்காலை எழுந்து மாவு கரைத்து, வெந்து, புகையில் கண் எரிந்து சம்பாதிக்கும் காசு, அவள் கை படாமலே அவன் கணக்கில் விழுகிறது. முன்பு ரொக்கமாயிருந்த காலத்தில் முந்தானையில் முடிந்து வைக்கவாவது ஒரு பத்து ரூபாய் இருந்தது. இந்த விஞ்ஞானம் அதையும் பிடுங்கிக் கொடுத்துவிட்டது. விஞ்ஞானத்தின் மேல் தப்பில்லை. அவள் பெயரில் ஒரு கணக்கும் ஒரு நம்பரும் இருந்தால் அதே அட்டை அவளுக்கே சம்பாத்தியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதைச் செய்துகொள்ளும் வழியைச் சொல்ல ஒரு வகுப்பு வேண்டாமா?

இடத்திற்குப் பஞ்சமில்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றைக்கும் நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். வாடகைக்கு இருக்கும் கடைக்காரரும் வாடகையில் சேர்த்து இதைக் கொடுத்துக்கொண்டுதானிருக்கிறார். ஆகவே இலவசம் என்று நாம் சொல்லுவது பிச்சையல்ல, முன்கூட்டியே பணம் கட்டிய சரக்கு. அமெரிக்காவில் அநேக ஊர்களில் பொது நூலகத்திலேயே சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு வைப்பதும் கம்ப்யூட்டரும் காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கிறார்கள். நமது கிளை நூலகங்களில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் போன பிறகு மேசை நாற்காலி சும்மா கிடக்கிறது. படிப்பு முடித்து வேலையில்லாமலிருக்கும் வாலிபர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருக்கிறார்கள்.

நேரத்தைத்தான் யோசித்து வைக்க வேண்டும். வேலை நாளில் காலை பத்தரை மணிக்கு மந்திரியை அழைத்துக் குத்துவிளக்கேற்றி, மத்தியானம் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுக்கும் பயிற்சி யாருக்கும் உதவாது. மளிகைக் கடைக்கு மத்தியானம் இரண்டு முதல் நான்கு வரை ஓய்வு. மார்க்கெட்காரர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர்கள். அவர்களுக்குப் பதினொரு மணிக்கே வேலை முடிந்துவிடும். இட்லிக் கடைப் பெண்களுக்கு அதுவும் ஒத்துவராது. அவர்களைக் கேட்டு நேரம் வைக்க வேண்டும். வாரம் ஒரு மணி, ஆறு வாரம் போதும். பாஷை கடைவீதித் தமிழாயிருக்கட்டும். "மின்னணுப் பரிவர்த்தனைப் பாதுகாப்பு விழிப்புணர்வு" என்று பலகையில் எழுதினால், வந்தவரும் எழுந்து போய்விடுவார். அவரவர் போனை அவரவர் கையிலேயே வைத்துக்கொண்டு அவரவரே தட்ட வேண்டும். சொல்லிக் கொடுக்கிறவர் போனைத் தொடக் கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாக வைக்க வேண்டும்.

ஊர்தோறும் வியாபாரிகள் சங்கம் இருக்கிறது. வருஷா வருஷம் சித்திரையில் பஞ்சாங்கமும் தேதிக் காலண்டரும் அச்சடிக்கும் செலவில் பாதியை ஒதுக்கினால் ஒரு வருஷத்து வகுப்பு நடந்துவிடும். சங்கத் தலைவர்கள் மறுத்தால், அங்கத்தினர்கள் சந்தா கட்டும்பொழுது இதைக் கேட்கட்டும். முதல் வகுப்பில் பெண்களுக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, அவர்கள் வரும்பொழுது ஆதார் அட்டையையும், தங்கள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். புத்தகம் இல்லாதவர்களை அன்றைக்கே ஒருவர் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போகட்டும்.