பெயர் அவருடையது!

2017ஆம் ஆண்டு பிப்பிரவரி 17ஆம் நாள் இரவு, கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த மகிழுந்தில் மலையாளத் திரைநடிகை ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அவர் அஞ்சி ஒடுங்கவில்லை; காவல்துறையிடம் முறையிட்டார். ஊடகங்கள் செய்தது என்ன? தொடக்கத்திலேயே பல, அவர் பெயரையும் படத்தையும் வெளியிட்டன. பின்னரே சட்டம் நினைவுக்கு வந்து, 'நடிகை' என்று மட்டும் எழுதத் தலைப்பட்டன. எய்த அம்பை மீட்க இயலுமோ?

இத்தகையோர் பெயரை வெளியிடுவது ஈராண்டுவரை சிறைக்குரிய குற்றமென 1983ஆம் ஆண்டே சட்டம் வகுக்கப்பட்டது. அடையாளம் காட்டும் சிறு குறிப்பும் கூடாதென 2018 திசம்பரில் உச்சமுறைமன்றம் ஆணையிட்டது. புகழுடையார்க்கு இதில் விலக்கில்லை. அவர் திரையில் காட்டிய நடிப்புக்கே நாம் காசு கொடுத்தோம். அவர் துயருக்கு அன்று!

"2022 சனவரியில் அவரே வெளிப்படப் பேசினாரே, இனி மறைப்பானேன்?" என்பார் உளர். தன் வீட்டுக் கதவைத் தானே திறப்பதும், பிறர் உடைத்துப் புகுவதும் ஒன்றாகுமோ? அவர் எழுத்தால் இசைந்தாலன்றிப் பிறர் வெளியிடலாகாது என்பதே சட்டமும். ஆதலின் இவ்விதழ் அவர் பெயரை எழுதாது.

சொல்லிலும் இழிவு உண்டு. 'கற்பழிப்பு' என இதழ்கள் நெடுங்காலம் எழுதின. கற்பு உள்ளத்தின் திண்மை. கயவன் கைபட்டு அஃது அழியாது. அழிந்தது அவன் மாந்தத்தன்மையே! குற்றவாளியின் இழிவை, ஒரு சொல்லால் குற்றமற்றவர் தலையில் ஏற்றுவது தமிழுக்கும் செய்யும் கேடாகும்.

ஊடகங்களை மட்டும் கடிந்து பயனில்லை. 2019இல் பொள்ளாச்சிக் கொடுமையில், முறையிட்ட பெண்ணின் பெயரைக் காவல்துறையும் அரசாணையுமே வெளியிட்டன. உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை, அவருக்கு 25 இலக்க உருபா இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2024 திசம்பரில், அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முறையீட்டைப் பதிந்த முதல் அறிக்கையே வெளியே கசிந்தது. அங்கும் 25 இலக்கம் வழங்கவே ஆணை பிறந்தது. பணம் வரும், பறிபோன மறைவு வருமோ?

நரிக்குடித் தேநீர்க் கடையில் ஒரு செய்தித்தாளைப் பத்துப் பேர் படிக்கின்றனர். அதை வீட்டுப் பெண்களும் அறிகின்றனர். பணமும் புகழும் உடைய நடிகைக்கே இந்நிலையெனின், கரிமூட்டத்தில் வேலைசெய்யும் நம் பெண்ணொருத்தி எந்தத் துணிவில் காவல்நிலையப் படியேறுவாள்? ஒரு பெயரை வெளியிடும் இதழ், ஓராயிரம் வாய்களை அடைக்கின்றது.

அன்பர்களே! அத்தகைய இதழை வாங்காதீர். அத்தகைய படம் கைபேசியில் வந்தால் பிறர்க்கு அனுப்பாதீர். "யார் அவள்?" என்று கேளாதீர், "யார் அவன்?" என்று கேளுங்கள்!