ரிவால்வர் யாருக்கு?



ஓசூர்ப் பக்கம் நிலம் விற்றுப் பணம் பார்த்த சில பிரபுக்களுக்குக் கைத்துப்பாக்கி மோகம் பிடித்திருக்கிறது. காலையில் பந்தயத்துக்குச் சுடலாமாம். மாலையில் இடுப்பில் செருகலாமாம். ஒன்றே இரண்டுக்கும் போதுமாம்!

கதிர் அரிவாளால் விறகு பிளப்பவன் உண்டா? 25 மீட்டர் பந்தயத்துக்கு உரியது .22 பிஸ்டல். கைக்கு அளவாகச் செதுக்கிய பிடி, நீண்ட குழல். விசையின் இழுவை ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது. அதை ஒட்டித்தான் வைப்பார்கள். இவ்வளவு இலேசான விசையை இடுப்பில் செருகினால் ஆபத்து யாருக்கு? இடுப்புக்குச் செய்த ரிவால்வரோ குட்டைக் குழல், கடின விசை. பந்தயப் புள்ளியைக் காட்டினால் திணறும்.

2012 டில்லிக் கொடுமைக்குப் பின், பெண்களின் பாதுகாப்புக்கென்று கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை 2014இல் 'நிர்பீக்' ரிவால்வரை வெளியிட்டது. அரைக் கிலோ எடை, .32 குண்டு. அப்போது விலை 1,22,360 ரூபாய்! களை பறிக்கும் பெண் எத்தனை மாதக் கூலியைச் சேர்க்க வேண்டும்? இரவு ஷிப்டு முடிந்து வருபவளுக்கு வேண்டியது வாசல் வரை வரும் கம்பெனி பஸ், எரிகிற தெருவிளக்கு. (பணக்காரன் ரிவால்வரையும் தேர்தல் காலத்தில் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில் கட்டிவைக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் அவன் உயிருக்கு என்ன காவல்?)

சட்டத்தைப் பாருங்கள். வெள்ளையன் 1878இல் போட்ட ஆயுதச் சட்டத்தை நீக்கி வந்தது 1959ஆம் வருஷச் சட்டம். சொத்தில்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது அதன் 14ஆவது பிரிவு. 13ஆவது பிரிவோ, மெய்யான பயிர்க் காவலுக்கு மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்டால், வேறு தடையில்லாவிட்டால் லைசென்ஸ் கொடுத்தாக வேண்டும் என்கிறது. தக்க காரணம் காட்ட வேண்டியவன் கைத்துப்பாக்கி கேட்பவன்தான்!

ராகி வயலில் பன்றி புகும் வேப்பனப்பள்ளியில் இதை எந்த அதிகாரி வந்து சொன்னார்? "நாட்டுத் துப்பாக்கியை ஒப்படை" என்று மட்டும் மலைக் கிராமங்களில் போலீசார் அறிவிக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி குறைந்தது இரண்டு வருஷம், அதிகம் ஐந்து வருஷம் சிறை. கள்ளத் துப்பாக்கிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. குழல் வெடித்தால் முதலில் போவது வைத்திருப்பவன் கைதான். ஆனால் நேர்வழியை மறைத்துவிட்டுத் தண்டனையை மட்டும் தண்டோரா போடுவது என்ன நியாயம்?

பந்தயமா? தாராளமாக! மனு பாக்கர் 2024 பாரிசில் இரண்டு வெண்கலமும் வென்றது காற்றுத் துப்பாக்கியில். அதற்கு லைசென்ஸும் வேண்டாம், 10 மீட்டர் இடம் போதும். வேப்பனப்பள்ளி சர்க்கார் பள்ளியில் அந்த இடத்தை ஒதுக்கட்டும். பயிர்க் காவல் மனுக்களை வாங்கக் கலெக்டர் இங்கேயே முகாம் போடட்டும்.