ஓவர்ரைமும் வரிப்படியும்

நியூ ஜேர்சியில் எங்கட ஆக்கள் கூடினால் அடிக்கடி கேட்கிற கதை இது: "ஓவர்ரைம் செய்யாதை தம்பி, மேல்படிக்குப் போனால் கையில வாறது குறைஞ்சுபோகும்." இதை நம்பி வேலையை விடுகிற ஆக்களும் இருக்கினம்.

2024 கணக்கைப் பாருங்கோ. தனி ஆளுக்கு முதலில் 14,600 டொலர் கழிவு. மிச்சத்தில் 11,600 வரை 10 வீதம், 47,150 வரை 12, அதற்கு மேல் 22. நூறு டொலர் தாண்டினால் அந்த நூறுக்கு மட்டும்தான் 22 டொலர். கீழ்ப்படியில் இருப்பதை ஒருவரும் தொடுவதில்லை. ஓவர்ரைம் கிழமையில் சம்பளத்தில் கூடப் பிடிப்பதுதான் பயம்காட்டுகிறது. கூடப் பிடித்தது வருடக் கணக்குக் காட்டும்போது திரும்பி வரும். (மெடிக்கெயிட் போன்ற உதவிகளின் எல்லையைத் தாண்டுவது வேறு கதை.)

படிகள் எனக்கு நியாயமாகத்தான் படுகுது. நியாயமில்லாதது சோசல் செக்யூரிட்டி. கழிவும் இல்லை, படியும் இல்லை, முதல் டொலரிலேயே 6.2 வீதம். ஆனால் 2024 இல் 168,600 டொலரோடு அது நின்றுவிடும். பெற்றோல் அடிக்கிறவர் (இங்கே நாங்களே அடிக்கேலாது, அது சட்டம்) வருடம் முழுக்கக் கட்டுவார். பத்து லட்சம் டொலர் சம்பளக்காரர் கட்டுவதோ மொத்தத்தில் ஒரு வீதம் அளவுதான். ஓய்வூதியத்துக்கும் உச்சவரம்பு இருக்குத்தானே என்பினம். இருக்கு. அதற்காக இந்த வித்தியாசமா?

ரெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை, அங்கே வா என்கிறான் நண்பன் ஒருவன். அங்கே கடை வரி 8.25 வீதம் வரை போகும். ஒரு சேட்டு வாங்கினால் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் அதே வரிதான்.