வண்டியின் விலையும் பழுதின் விலையும்

யானையை வாங்குவதைவிட அதைக் கட்டித் தீனி போடுவதே கடினம் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இவ்வுண்மைக்கு இக்காலத்தில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின், அமெரிக்க நாட்டில் பழைய மோட்டார் வண்டிகள் விலைபோகும் முறையைப் பார்த்தாலே போதும். செல்வர் மட்டுமே வாங்கக்கூடியதாயிருந்த உயர்ரக வண்டிகள், ஆண்டுகள் சில கழிந்ததும் அங்கே அடிமாட்டு விலைக்கு வந்துவிடுகின்றன. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாழும் இளங் குடும்பத்தினரும் அவற்றைக் கண்டு ஆசை கொள்கின்றனர். அத்தகைய வண்டி ஒன்றையே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டு, அதை வாங்கும் விலையையும் வைத்துக் காக்கும் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2005 முதல் 2010 வரை விற்ற எம்-6 என்னும் இரு கதவு வண்டியே அது. பார்முலா ஒன் பந்தயங்களில் 10 சிலிண்டர் எஞ்சின்கள் முழங்கிய காலத்தில் உருவானதாகையால், இவ்வண்டிக்கும் 5 லிட்டர் கொள்ளளவும் 10 சிலிண்டர்களும் கொண்ட எஞ்சினையே பொருத்தினர். அதன் ஆற்றல் 507 குதிரைத்திறன். நிமிடத்திற்கு 8,250 சுற்றுகள் வரை அது சுழலும். அமெரிக்காவில் புதிதாக இதன் விலை 95,000 டாலருக்கு மேல். இன்றோ நன்கு ஓடிய வண்டிகள் அதில் நான்கிலொரு பங்கிற்கும், அதற்குக் குறைவாகவும் கிடைக்கின்றன. விலை ஏன் இவ்வளவு சரிந்தது என்பதை, இவ்வண்டியில் வழக்கமாகத் தோன்றும் பழுதுகளே நமக்குச் சொல்லும்.

முதலாவதும் கொடியதும் கனெக்டிங் ராட் பேரிங் தேய்வதாகும். பிஸ்டனின் ஓட்டத்தைக் கிராங்க் ஷாஃப்டுக்குச் செலுத்தும் தண்டின் அடியில், மெல்லிய ஓடு போன்ற பேரிங்குகள் உள்ளன. இரும்பும் இரும்பும் உராயாதவாறு, அவ்விடத்தில் எண்ணெய்ப் படலம் ஒன்று தாங்கி நிற்கவேண்டும். இவ்வெஞ்சினில் அதற்கு விடப்பட்ட இடைவெளி மிகச் சிறிது. ஊற்றப்படும் 10 டபிள்யூ 60 என்னும் எண்ணெயோ குளிர்ந்த நிலையில் மிகக் கெட்டியானது. எஞ்சின் சூடேறுமுன் வேகமாக முடுக்கினால், பேரிங் சிறிது சிறிதாகத் தேய்கிறது. இத்தேய்வு வெளியே தெரிவதில்லை. தட்டும் ஓசை காதில் விழும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோ மீட்டருக்குள் முன்னெச்சரிக்கையாகப் பேரிங்குகளை மாற்றிவிட்டால், 2,500 முதல் 4,000 டாலர் வரை செலவாகும். மாற்றாமல் விட்டு எஞ்சின் உடைந்துபோனால், வண்டியை வாங்கிய விலையே மீண்டும் ஒருமுறை செலவாகலாம்.

இரண்டாவது, த்ராட்டிலை இயக்கும் மின் கருவிகள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஒன்று வீதம் 10 த்ராட்டில்கள் உள்ளன; அவற்றைப் பக்கத்திற்கு ஒன்றாக இரு கருவிகள் இயக்குகின்றன. இவற்றின் உள்ளேயுள்ள சிறு பற்சக்கரங்கள் தேய்ந்துவிட்டால் எஞ்சின் தன் ஆற்றலைத் தானே சுருக்கிக்கொள்கிறது. அவ்வளவு வலிய வண்டி நத்தையாக ஊர்கிறது. ஒன்று கெட்டால் மற்றொன்றும் விரைவில் கெடும் என்று இரண்டையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். புதியன போட்டால் 2,000 முதல் 3,000 டாலர் வரை ஆகும். பழையவற்றைப் பழுதுபார்த்துத் தரும் சிறு பட்டறைகளை நாடினால் செலவு பெரிதும் குறையும்.

மூன்றாவது, எஸ்.எம்.ஜி. என்னும் ஏழு கியர்ப் பெட்டி. இதில் ஓட்டுநர் மிதிப்பதற்குக் கிளட்ச் இல்லை. ஒரு பம்பு தரும் எண்ணெய் அழுத்தமே கிளட்சையும் கியரையும் இயக்குகிறது. பம்பு நின்றால் கியர் விழாது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பம்பு முழுவதையும் மாற்ற 3,000 டாலரும் அதற்கு மேலும் ஆகலாம். கெட்டது பம்பின் மின் மோட்டார் மட்டும்தான் என்று தேர்ந்த மெக்கானிக் ஒருவர் கண்டறிந்தால், சில நூறு டாலர்களில் காரியம் முடிவதும் உண்டு. கிளட்ச் தேய்ந்திருந்தால் அது தனிச் செலவு. பெட்ரோலோ, லிட்டருக்கு ஐந்து ஆறு கிலோ மீட்டருக்கு மேல் தராது.

இப்பொழுது கூட்டிப் பார்ப்போம். 20,000 டாலருக்கு வாங்கிய வண்டிக்கு இம்மூன்று பழுதுகளும் இரண்டோர் ஆண்டுகளுக்குள் வந்தால், 8,000 முதல் 10,000 டாலர் வரை கரைந்துவிடும். காரணம் எளிது. வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. உதிரிப் பாகத்தின் விலையும் மெக்கானிக்கின் கூலியும் அவ்வாறு இறங்குவதில்லை. அவை இன்னமும் 95,000 டாலர் வண்டிக்குரியவையே. அன்றியும், முந்தைய உரிமையாளர் ஒவ்வொருவரும் ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்ட பழுதுகளெல்லாம் கடைசியில் வாங்குபவரின் தலையில் வந்து விடிகின்றன. குறைந்த விலைக்கு வாங்கியதாக அவர் எண்ணுகிறார்; உண்மையில் பிறர் வைத்துச் சென்ற கடனையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார்.

அப்படியாயின் இத்தகைய வண்டியை எவரும் வாங்கவே கூடாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. கணக்குப் பார்த்து வாங்கவேண்டும் என்பதே நம் கருத்து. பழுதுபார்த்த ரசீதுகளை முதலில் கேட்க வேண்டும். பேரிங் எப்பொழுது மாற்றப்பட்டது என்பது அவற்றில் இருக்கவேண்டும். விற்பவருக்கு வேண்டியவரல்லாத, இவ்வகை வண்டியில் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் சில நூறு டாலர் கொடுத்தேனும் சோதிக்கச் செய்வது நலம். எஞ்சின் எண்ணெயில் சிறிது எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம். முந்தைய ஆண்டுகளின் பேரிங்குகளில் ஈயமும் செம்பும் கலந்திருந்தமையால், அவ்வெண்ணெயில் அவை மிகுந்திருந்தால் தேய்வு வெளிப்பட்டுவிடும். வாங்கும் விலையில் பாதியேனும் தனியே கையிருப்பில் இருத்தல் வேண்டும். வாங்கிய பின்பும் எஞ்சின் சூடேறும்வரை பொறுமையாய் ஓட்டவேண்டும். எவ்வளவு சுற்றுவரை போகலாம் என்பதை வேகச் சுற்றுமானியின் ஓரத்தில் எரியும் விளக்குகளே காட்டுகின்றன. எஞ்சின் சூடேற ஏற எல்லையும் உயர்கிறது.

விற்பவருக்கும் ஒரு சொல். பேரிங் தட்டும் ஓசையைக் கேட்ட பின், அதை மறைத்து விரைந்து விற்றுவிடுவது சாமர்த்தியமன்று. வாங்குபவரும் ஒரு வீட்டின் பொருளாளரே; அவர் எண்ணி வைக்கும் பணத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவும் கலந்திருக்கக்கூடும். பழுதைச் சொல்லி அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்பதே நேர்மை.

ஆசைப்படுவது குற்றமன்று. ஆனால் எந்தப் பொருளானாலும், அதன் விலையைக் கேட்ட அதே மூச்சில் அதைக் காக்கும் செலவையும் கேட்டறியும் பழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றட்டும்.