நிதானமும் ஒரு பயிற்சியே!

ஓட்டம் என்றாலே விரைவு என்று பொருள் கொள்வது நம் இளைஞரிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். வீரகேரளம்புதூரிலிருந்து சுரண்டை செல்லும் சாலையில் விடியற்காலையில் ஓடும் மாணவர்களைப் பாருங்கள். பெரும்பாலோர் காவலர் பணியையோ இராணுவப் பணியையோ மனத்திற்கொண்டு ஓடுபவர்கள். நாள்தோறும் முழுமூச்சுடன் ஓட்டம். நாள்தோறும் கடிகாரத்துடன் போட்டி! விளைவு? சில வாரங்களில் கணைக்கால் எலும்பில் வலி. பின்னர் ஓட்டத்திற்கே முழுக்கு. குடும்பமே நம்பியிருக்கும் வேலைக் கனவும் அத்துடன் நொண்டத் தொடங்குகிறது.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களில் கடக்க வேண்டும். அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. தேர்வு நாளில் வேண்டிய இவ்வேகத்தைத் தினந்தோறும் தேடுவதுதான் தவறு என்பது என் துணிபு. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும்.

“மெல்ல ஓடினால் மெல்லத்தானே ஓடப் பழகுவோம்?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியூசிலாந்து வீரர் பீட்டர் ஸ்னெல் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், 1964-இல் டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும் ஓட்டத்திற்காக, பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் அவரை வாரத்திற்கு 160 கிலோமீட்டர் வரை ஓடவைத்தார். நெடுந்தூரம் ஓடி அடித்தளம் இட்ட பின்னரே விரைவுப் பயிற்சி என்பது அவர் முறை. இன்றும் உலகின் முன்னணி நெடுந்தூர வீரர்கள் தம் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எளிய வேகத்திலேயே ஓடுகின்றனர். அதனால் இதயம் வலுப்பெறுகிறது; தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன.

எளிய வேகம் எது? உடன் ஓடும் தோழரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அதுவே! சொல் துண்டுபட்டால் வேகத்தைக் குறையுங்கள். காவலர் தேர்வுக்கு முயல்பவருக்கு அது கிலோமீட்டருக்கு ஆறரை, ஏழு நிமிடமாக இருக்கலாம். புதியவர் இடையிடையே நடந்தாலும் இழுக்கில்லை. குற்றாலச் சாரல் வீசும் நாளில் கைவரும் வேகம் சித்திரை வெயிலில் வராது. ஆகவே கடிகாரத்தைக் கேளாதீர், மூச்சைக் கேளுங்கள். விரைவு ஓட்டம் வாரத்தில் இரண்டு நாள் போதும்.

நம் கல்லூரி மைதானத்தில் காலைதோறும் மாணவர்கள் இருவர் இருவராகப் பேசிக்கொண்டே ஓடும் பழக்கத்தை உடற்கல்வித் துறையினர் தொடங்கிவைக்கலாம். முந்திச் செல்பவரைக் கண்டு நாணவேண்டா, தோழர்களே! பதறாத காரியம் சிதறாது. இன்று சாலையில் முந்துவதைவிட, தேர்வு நாளன்று வலியில்லாக் கால்களுடன் கோட்டில் நிற்பதே பெரிது.