கோப்பாய்க் கல்லறை நிலத்தை விட்டு வெளியேறுங்கள்

போரில் மாண்ட புலிகள் இயக்கத்தவரைப் புதைத்த கோப்பாய் துயிலும் இல்லம் இருந்த மண்ணில் இன்று இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் நிற்கிறது. 2011 மார்ச்சில் அதைத் திறந்துவைத்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் கல்லறைகளும் நடுகற்களும் இருந்த நிலம் அது. யாழ்ப்பாணம் படையினர் வசமான கையோடு ஒரு தடவை இடித்தார்கள். 2002 போர்நிறுத்தத்தின் பின் உறவுகள் மீளக் கட்டினார்கள். போர் முடிந்தபின் மறுபடியும் இடித்து, அதன்மேலேயே முகாமையும் எழுப்பினார்கள். பெற்றவர்கள் மாவீரர் நாளான நவம்பர் 27இல் எதிரே தனியார் காணியில் நின்று, முகாம் வேலியைப் பார்த்தபடி சுடரேற்றுகிறார்கள். இது அநீதி. இதைக் கண்டிக்க வட்டுக்கோட்டை மண்ணுக்குத் தனிக் கடப்பாடும் உண்டு.

1976 மே 14 அன்று, எங்கள் வட்டுக்கோட்டையின் பண்ணாகத்தில்தான் தமிழர் விடுதலைக் கூட்டணி தீர்மானம் நிறைவேற்றியது. தனிநாட்டைக் கோரிய அந்தத் தீர்மானம், விடுதலைப் போராட்டத்தில் முழுமையாக இறங்குமாறு இளைஞர்களைக் குறிப்பாக அழைத்தது. தலைமை தாங்கிய தந்தை செல்வாவுக்கு யாழ்ப்பாணத்தில் உயர்ந்த நினைவுத்தூபி நிற்கிறது. நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அழைப்பைச் செவிமடுத்துப் போன வலிகாமத்துப் பிள்ளைகள் படுத்திருந்த இடத்தில் ஒரு கல்கூட மிச்சமில்லை. அழைத்த ஊர் வாய்மூடி இருக்கலாகாது.

இடிக்கப்பட்டது எத்தகைய இடம் என்பதையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி தனித்தனி மயானம். செத்த பிறகும் ஒருவரோடொருவர் சேரவிடாத சமூகம் எங்களுடையது. துயிலும் இல்லத்தில் அந்த வேலி இருக்கவில்லை. ஒரே அளவுக் கல்லறைகள், நேர்நேராய் வரிசைகள். உடல் கிடைக்காதவர்களுக்கு நடுகல். சைவப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் அருகருகே கிடந்தார்கள். எரிப்பதே வழமையான சைவக் குடும்பங்கள்கூடப் புதைகுழிக்குப் பூக் கொண்டுபோகப் பழகின. அலங்காரத்தைக் களைந்து, ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வைத்து இழப்பின் அளவைக் கண்முன் நிறுத்துவது நவீன நினைவிடக் கட்டடக்கலையின் முறை. பிரித்தானியப் போர்க் கல்லறைகளுக்காக 1918இல் பிரெடெரிக் கென்யன் எழுதிய அறிக்கை, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல் என்று வகுத்தது. அந்த முறையில் அமைந்த கல்லறைத் தோட்டத்தைத் திருகோணமலை நிலாவெளி வீதியில் இன்றும் பார்க்கலாம். புல் வெட்டி, கல் துடைத்துப் பேணுகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாயின் கல்லறைக்கு இந்நாட்டில் கிடைக்கும் மரியாதை, இந்நாட்டிலேயே பிறந்த பிள்ளைக்கு ஏன் இல்லை?

பயங்கரவாதிகளுக்கு நினைவிடம் கிடையாது என்பது அரசதரப்பின் பழைய பதில். பிரான்ஸின் நோர்மண்டியில் லா காம்ப் என்ற இடத்தில் 21,000க்கும் மேற்பட்ட ஜேர்மனியப் படையினர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பிரான்ஸை ஆக்கிரமித்து நின்ற படையின் ஆட்கள் அவர்கள். பிரான்ஸ் அங்கே உழவு இயந்திரம் ஓட்டவில்லை. புலிகள் இயக்கத்தின் அரசியலை ஏற்பதா மறுப்பதா என்பது வேறு விவாதம். அந்த இயக்கம் செய்த கொலைகளுக்கும் கணக்குக் கேட்க வேண்டும், நாங்களும் கேட்கிறோம். புதைகுழி அந்த விவாதத்துக்குள் வராது. அது தாய்க்குரியது. இறந்தவரின் உடலையும் புதைகுழியையும் மதிக்க வேண்டும் என்பது போர்க்கால மரபுச் சட்டம். உள்நாட்டுப் போருக்கும் அது பொருந்தும். நினைவுச்சின்னங்களையும் இழப்பீட்டின் ஒரு வடிவமாக ஏற்று 2018இல் இழப்பீட்டு அலுவலகச் சட்டத்தை நிறைவேற்றியதும் இதே நாட்டு நாடாளுமன்றம்தான்.

ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்கவிடம் நேராகக் கேட்கிறோம். உங்கள் கட்சி 1971இலும் 1987–89இலும் அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியது. மாண்ட தோழர்களை ஆண்டுதோறும் நவம்பர் 13இல் நினைவுகூருகிறீர்கள். அது உங்கள் உரிமை. சாம்பலுக்குக்கூட அடையாளமில்லாமல் தோழர்களை இழந்தவர்களுக்குக் கோப்பாய்த் தாயின் வலியை நாங்கள் விளக்கத் தேவையில்லை. 2024 பொதுத் தேர்தலில் யாழ். மாவட்டம் உங்கள் கூட்டணிக்கு மூன்று ஆசனங்களைத் தந்தது. அந்த மூவரும் இதற்காக நாடாளுமன்றத்தில் எழுந்து பேச வேண்டும்.

தமிழ்க் கட்சிகளையும் விட்டுவிட முடியாது. பொதுச்சுடரை யார் ஏற்றுவது என்று தாய்மாரின் முன்னால் நீங்கள் பட்ட சண்டைகளை ஊர் மறக்கவில்லை. மேடையில் காட்டும் வேகத்தில் பாதியையாவது காணி மீட்புக்கான வழக்கிலும் மனுவிலும் காட்டுங்கள். நிலம் திரும்பி வந்தால், பெயர் பொறித்த பெரிய வளைவுகளோடு அங்கே போகாதீர்கள். என்ன கட்டுவது, கட்டுவதா வேண்டாமா என்பதைக் குடும்பங்கள் தீர்மானிக்கட்டும்.

51ஆவது படைப்பிரிவு கோப்பாய்க் காணியை விட்டு வெளியேறும் திகதியை அரசு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிரதேச சபையும் குடும்பங்களின் பிரதிநிதிகளும் முன்னிற்க, காணி அளந்து கையளிக்கப்பட வேண்டும். அதற்கும் முன்பாக ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இடித்த கற்களையும் கிளறிய மண்ணையும் அதிலிருந்த எலும்புகளையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டினீர்கள்? அந்த இடத்தைக் காட்டுங்கள்.